நேத்தன் ஸ்டோபர்டின் நடு உலை

நேத்தன் ஸ்டோபர்ட் புகை பிடிக்காதவர், குடிக்காதவர், ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சவுத் ஷீல்ட்ஸ் மெதடிஸ்ட் கோயிலில் பிரசங்கம் செய்பவர். கப்பல் உலைக்குக் கரி போடும் பயர்மேன் ஒருவரிடம் இந்த மூன்று குணமும் சேர்ந்திருந்ததை டைன் நதிக்கரையில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பயர்மேன் என்றால் கப்பல் புறப்படும் நாளில் இரண்டு போலீஸ்காரர்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்ற வேண்டிய ஆள். ஸ்டோபர்ட் தன் காலாலேயே நடந்து வந்து ஏறினார். எங்கள் கேப்டன் ப்ரௌட்லாக்குக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

இருபத்தாறு வருடம் உலை முன்னால் நின்றவர். பிரசங்கத்தில் எதைப் பற்றியும் பேசுவார், நரகத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். கோயில் மூப்பர் ஒருநாள் காரணம் கேட்டபோது, "வருஷம் பூரா அங்கதான் வேல பாக்கறேன். லீவுலயும் அதப்பத்தியே பேசச் சொல்றீங்களா?" என்றாராம்.

வீட்டில் மனைவி ஏடா. ரயில் பாதை ஓரம் ஒரு துண்டு நிலம். அதில் போட்டிக்காக லீக் வளர்த்தார். லீக் என்பது வெங்காயத்தின் சோம்பேறித் தம்பி. எங்கள் பக்கத்தில் அதன் தடிமனைப் பொறுத்து ஒரு மனிதனின் மதிப்பு ஏறும், இறங்கும். போர் தொடங்கி இரண்டு வருடத்துக்குள் இரண்டு கப்பல்கள் அவர் காலுக்கடியில் மூழ்கிவிட்டன. இரண்டு தடவையும் அது அவர் வேலை நேரம் இல்லை, மேல்தளத்தில் இருந்தார். உலை முன் நின்றிருந்தவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை. அதைப் பற்றியும் அவர் பேசியதில்லை.

1941 அக்டோபரில் அவர் எங்கள் 'தார்ன்லா' கப்பலில் இருந்தார். நான் அதில் மூன்றாம் அதிகாரி. கப்பலின் வேகம் காகிதத்தில் மணிக்கு ஒன்பதரைக் கடல்மைல், உண்மையில் எட்டு. அதுவும் நல்ல கரி கிடைத்தால். கனடாவிலிருந்து இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு காவலோடு கூட்டமாகப் போகும் நாற்பது கப்பல் கொண்ட கான்வாயின் கடைசி வரிசையில் திரும்பிக்கொண்டிருந்தோம். தாது ஏற்றிய கப்பலில் டார்பிடோ பட்டால் பூட்ஸ் கயிறு கட்டும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் எங்களில் பாதிப் பேர் பூட்ஸோடுதான் தூங்கினார்கள்.

கான்வாயில் விதிகள் பல. தலையாயவை இரண்டு: பின்தங்காதே, புகை விடாதே. தனித்தனியாக இரண்டும் மிக நியாயமானவை. அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த கரியை வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. அது எரிந்ததைவிட உருகியதே அதிகம். உருகியது கசடாகி உலையின் அடியில் தோசை மாதிரிப் படிந்து காற்றை அடைத்துவிடும். கசடை வாரினால் உலை காலியாகும். அதில் புதுக் கரி போட்டால் கரும்புகை எழும். இருபது மைலுக்கு அப்பால் இருக்கும் நீர்மூழ்கிக்கு அது விருந்து அழைப்பு. ஆகவே இருட்டில்தான் வார வேண்டும் என்று உத்தரவு.

ஒவ்வொரு பயர்மேனுக்கும் ஒரு பாய்லர், மூன்று உலை, நான்கு மணி நேரம். ஸ்டோபர்ட் எட்டிலிருந்து பன்னிரண்டு. அவருக்கு முன் நாலிலிருந்து எட்டு அதே பாய்லரில் நிற்பவர் மார்ட்டின் டினீன். லிவர்பூல்காரர், கத்தோலிக்கர், இருவருக்கும் சேர்த்துக் குடிப்பவர். கரையில் இவர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ஆனால் டினீன் ஒப்படைக்கும் தீ சுத்தமாக, பிரகாசமாக இருக்கும். ஸ்டோபர்டும் யாருக்கும் அழுக்குத் தீயை விட்டுச் சென்றதில்லை. வாயால் சொல்லாத மரியாதையெல்லாம் உலை வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது.

அவர்களுக்குள் இன்னொரு சட்டமும் உண்டு. மணி அடித்ததும் தீ அடுத்தவருடையது. அதன்பின் அதில் இன்னொருவன் கரி அள்ளும் கரண்டியை வைப்பது, அந்த அடுத்தவருக்கு வேலை தெரியாது என்று ஊரறியச் சொல்வதற்குச் சமம். கப்பல் பயர்மேன் மருத்துவரிடம் உதவி கேட்பான், கடவுளிடம் கேட்பான், இன்னொரு பயர்மேனிடம் கேட்க மாட்டான்.

அந்தப் பயணத்தில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு நடந்ததை, பக்கத்தில் நின்ற இரண்டாம் எஞ்சினியர் கில்ரே பிறகு எனக்குச் சொன்னார்.

"நடு உலை செத்துக்கிட்டிருக்கு," என்றாராம் டினீன். "விடியற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் படிஞ்சுருச்சு. அரை மணி நிக்கறேன், ரெண்டு பேருமா வாரிப்புடலாம்."

"எட்டாயிருச்சு, டினீன். இப்ப இது என் தீ."

"உன் தீதான். பொணமும் உன்னுதுதான்."

"போய்த் தூங்கு."

டினீன் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு மேல் நான் சுக்கான் மேடையில் நின்று முன்னால் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இன்னும் சிறியதாகத் தெரிந்தது. முந்தின நாள் காலை ஒரு நார்வேக் கப்பல் இப்படித்தான் சுக்கான் பழுதாகி மூன்று மைல் பின்தங்கியது. நாங்கள் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு புகை எழுந்தது. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பார்த்தபோது அங்கே கடல் மட்டும் இருந்தது.

கான்வாயின் தலைவரான கமடோரின் கப்பலில் கொடிகள் ஏறின: உங்கள் இடத்துக்கு வாருங்கள். கீழே கூடுதலாகக் கரி போட்டார்கள். எங்கள் புகைபோக்கி கறுப்பாக ஒரு மூச்சு விட்டது. வேறு கொடிகள் ஏறின: புகையை நிறுத்துங்கள்.

கேப்டன் ப்ரௌட்லாக் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "மிஸ்டர் கார், இந்தப் பெரிய மனுசர் ரெண்டு கடுதாசி போட்டிருக்கார். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியுமான்னு கீழ போய்க் கேட்டுட்டு வாங்க."

கொதிகலன் அறைக்கு மூன்று இரும்பு ஏணிகள். ஒவ்வொன்றாக இறங்கும்போது எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: திரும்பி ஏற எத்தனை விநாடி ஆகும் என்று எண்ணினேன். கீழே ஸ்டோபர்ட் இடுப்புக்கு மேல் துணியில்லாமல், வியர்வையும் கரியுமாக, நடு உலைக்குள் நீளக் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். உள்ளே தீ கன்றிய சிவப்பில் இருந்தது. அடுத்த பாய்லர்க்காரர் புதியவர். தன் மூன்றையே மேய்க்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். கில்ரே அழுத்தமானியின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நூத்தி நாப்பத்திரெண்டு," என்றார். "நூத்தி எம்பது இருக்கணும். இப்படியே போனா மத்தியானம் துடுப்புப் போட்டுக்கிட்டுப் போவோம்."

"புகையில்லாம வார முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும், மிஸ்டர்," என்றார் ஸ்டோபர்ட். "வாரி எறிஞ்சுட்டு, பச்சைக் கரிக்குப் பதிலா பக்கத்து உலையிலேருந்து கங்கு அள்ளிப் போட்டுப் பத்த வைக்கணும். ஒருத்தன் வாரணும், ஒருத்தன் கங்கோட தயாரா நிக்கணும். இந்த ஆட்டத்துல ஒத்த ஆளா ஆவாது. தெரிஞ்ச ஆள் வேணும்."

"எவ்வளவு நேரம்?"

"இருவது நிமிஷம். அதுக்குள்ள அழுத்தம் இன்னும் விழும். பின்னாடி போவோம்."

"எவ்வளவு தூரம்?"

"அது உங்க கணக்கு. நான் ஜன்னல் இல்லாத எடத்துல வேல பாக்கறவன்."

கில்ரே திரும்பாமலே சொன்னார்: "டினீனக் கூப்பிடறேன்."

"வேணாம்."

நாற்பத்தொரு பேர் உயிரும் ஒரு மனிதரின் மானமும் தராசில் இருந்தன. எந்தத் தட்டு இறங்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. முள் ஒரு கோடு இறங்கியது.

"நூத்தி நாப்பது," என்றார் கில்ரே.

ஸ்டோபர்ட் கம்பியைச் சுவரில் சாய்த்தார். "நீங்க கூப்பிட்டா அது உத்தரவு. வருவான். ஆனா ஒரு கரண்டி நெருப்போட என் முதுகுக்குப் பின்னால நிக்கப்போறவன் உத்தரவுக்காக நிக்கக் கூடாது. நானே போறேன்." சட்டையை எடுத்தார். பணி நேரத்தின் நடுவில் பயர்மேன் உலையை விட்டுப் போவது நடக்காத காரியம். கில்ரே கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பயர்மேன்கள் தூங்குமிடம் கப்பலின் முன்முனையில். தளத்தில் என்னோடு நடக்கும்போது ஸ்டோபர்ட் தலையைத் தூக்கிக் கான்வாயைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"அவ்வளவு தூரமா போயிட்டாங்க?"

"ஒரு மைல்."

அதன்பின் வேகமாக நடந்தார்.

டினீன் பூட்ஸோடு, மிதவை அங்கியோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"டினீன்."

"செத்துட்டேன்."

"எழுந்திரு."

"கப்பல் முழுகுதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப முழுகறப்ப எழுப்பு."

ஸ்டோபர்ட் தொண்டையைக் கனைத்தார். "நடு உலைய வார எனக்கு ஆள் வேணும்."

டினீன் திரும்பினார். "யார் உலை?"

"என் உலை."

"யார் வேணும்?"

"நீதான் வேணும்."

"காலையில வேணாம்னியே, பாதிரி."

"காலையில தப்புப் பண்ணிட்டேன்."

டினீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத உங்க கோயில்ல ஏறி நின்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"சத்தமா?"

"சத்தமா. ஆனா உனக்குக் கேக்காது. நீ சாராயக் கடையில இருப்ப."

அதற்குள் டினீன் தரையில் கால் வைத்திருந்தார்.

நான் மேலே போய்ச் சொன்னேன். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "இருவது நிமிஷம் குடுத்தேன்," என்றார், தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் போல.

அந்த இருபது நிமிடத்தில் செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. புகைபோக்கியைப் பார்த்தேன், பின்னால் கடலைப் பார்த்தேன், மறுபடி புகைபோக்கியைப் பார்த்தேன். எஞ்சினின் துடிப்பு காலடியில் தளர்ந்துகொண்டே போனது. முன்னாலிருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டன. காவல் கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து ஒலிபெருக்கியில் பேசியது: "உங்களோட நிக்க முடியல. முன்னாடி வேல இருக்கு."

"தெரியும்," என்று கேப்டன் கத்தினார். "போங்க."

அது போயிற்று. அதன் பிறகு கடல் மிகப் பெரியதாக இருந்தது.

பத்தாவது நிமிடத்தில் பின்பக்கக் காவலாள் குரல் கொடுத்தான்: நீரில் ஒரு குச்சி, நீர்மூழ்கியின் பார்வைக்குழாய் மாதிரி, ஒரு மைலுக்குள். கேப்டன் தொலைநோக்கியை எடுத்தார். திசை திருப்பினால் டார்பிடோவுக்குத் தப்பலாம். திருப்பினால் இன்னும் ஒரு மைல் பின்தங்குவோம், அதன்பின் எந்த உலையாலும் எங்களைக் கொண்டுசேர்க்க முடியாது. சுக்கான் பிடித்திருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவன் காதுகள் பார்த்தன. கேப்டன் வெகுநேரம் பார்த்தார். குச்சியின் மேலிருந்து ஒரு கடற்புறா பறந்து போயிற்று. வெறும் மிதக்கும் மரக்கட்டை. யாரும் சிரிக்கவில்லை.

கீழே நடந்தது வேறு. ஸ்டோபர்ட் வண்டிச்சக்கரம் அகலத்துக்குக் கசடைப் பெயர்த்து இழுத்தார். அது தரையில் விழுந்து சீறியது. டினீன் இடது உலையிலிருந்து கங்கு அள்ளி வந்தார். அதுவும் ஸ்டோபர்டின் உலைதானே. ஆகவே ஒவ்வொரு கரண்டிக்கும், "எடுக்கலாமா?" என்று கேட்டார். "எடு," என்றார் ஸ்டோபர்ட். கப்பல் ஒரு பக்கமாகச் சாயும்போதும், எதுவும் காதில் விழாத இரைச்சலிலும், இருபத்து மூன்று கரண்டிக்கும் இருபத்து மூன்று தடவை. கில்ரே எண்ணியிருக்கிறார். பதினேழாவதில் ஒரு பெரும் அலை வந்து கங்கு சரிந்து டினீனின் முன்கையில் விழுந்தது. அவர் கரண்டியை விடவில்லை. நேராக உலைக்குள் கொட்டிவிட்டுத்தான் கெட்ட வார்த்தை பேசினார். ஸ்டோபர்ட் முதல் முறையாக அதைக் கண்டிக்கவில்லை.

முள் நூற்று இருபத்தெட்டில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு இருபத்தொன்பது.

புகைபோக்கியின் வாயில் வெறும் அனல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. கான்வாய் இரண்டரை மைல் முன்னால். அவர்களைவிட மணிக்கு ஒரு கடல்மைல்தான் கூடுதலாக ஓட முடியும். அப்படியென்றால் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் நாங்கள் தனியாக ஓடினோம். பதினொன்றே முக்காலுக்குக் காவல் கப்பல் திரும்பி வந்து, எங்களுக்குப் பின்னால், நாங்கள் ஒரு மணி நேரம் முன்பு இருந்த இடத்தில், நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளை வரிசையாகப் போட்டது. கடல் வெள்ளைத் தூண்களாக எழுந்தது. அங்கே ஏதாவது இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் சும்மா போடுகிறவர்களும் இல்லை.

பன்னிரண்டுக்கு ஸ்டோபர்ட் மூன்று தீயையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே வந்தார். ஒரு மணிக்குச் சற்று முன் வரிசையின் வாலை எட்டினோம். கமடோர் கப்பலிலிருந்து விளக்குச் சைகை வந்தது. நல்வரவாக இருக்கும் என்று நினைத்து எழுதிக்கொண்டேன். 'உங்கள் இடத்திலிருந்து நானூறு கஜம் பின்னால் இருக்கிறீர்கள்.'

கேப்டன் அதைப் படித்துவிட்டு, "உலைக்காரங்களுக்கும் சொல்லிடுங்க. சந்தோஷப்படுவாங்க," என்றார்.

சமையலறைச் சுவரோரம் காற்றுப் படாத இடத்தில் டினீன் உட்கார்ந்திருந்தார். ஸ்டோபர்ட் அவர் கையில் மஞ்சள் மருந்து தடவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு தட்டில் உப்புக்கண்டமும் பட்டாணியும். நான் செய்தியைச் சொன்னேன்.

"நானூறா," என்றார் டினீன். "அந்தாள வந்து ஒரு கரண்டி அள்ளச் சொல்லுங்க. மெதுவா, பாதிரி, கையக் கட்டுறியா, கழுத்த நெரிக்கறியா?"

ஸ்டோபர்ட் முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தார். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகும் கப்பலின் பின்புறத்தைப் பார்த்தார். அதில் ஒருவன் வாளித் தண்ணீரை வெளியே வீசுவது தெரிந்தது.

"சாப்பிடுய்யா, ஆறுது," என்றார் டினீன்.

"இரு."

நானூறு முந்நூறாயிற்று, முந்நூறு இருநூறாயிற்று. வாளிக்காரனின் முகம் தெரியும்வரை அவர் உட்காரவில்லை.