வாடகைக் காரும் அனந்தமதி அம்மையாரின் மாலை உணவும்

2025ஆம் ஆண்டு டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை. திண்டிவனத்தில் அன்று காலை எதிர்வீட்டுக் கதவின் நிறம் தெரியாத அளவுக்கு மூடுபனி. அந்தப் பனிக்குள்ளிருந்துதான் வாடகைக் கார் வந்து அனந்தமதி அம்மையாரின் வீட்டு வாசலில் நின்றது.

அதை வாடகைக்கு எடுப்பதா வேண்டாமா என்னும் வழக்கு ஒரு மாதமாக அந்த வீட்டில் நடந்தது. அடுத்த வீட்டுக்காரனாகிய நான் வேண்டியும் வேண்டாமலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மையார் மேல்சித்தாமூரில் பிறந்தவர். மல்லாட்டை என்னும் நிலக்கடலை வியாபாரம் செய்யும் ரிஷபநாதனை மணந்து திண்டிவனத்துக்கு வந்தார். நெடுங்காலம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து, அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றார். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, தண்ணீரும் பருகுவதில்லை என்னும் சமண நோன்பை மகள் பிறந்த ஆண்டில் ஏற்றவர். இதுவரை ஒரு நாளும் தவறியதில்லை. அதைப் பெருமையாக எவரிடமும் சொன்னதும் இல்லை. மாலையில் யாரேனும் காப்பி நீட்டினால், "ஆயிடுச்சிங்க" என்று சிரிப்பதோடு சரி.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் கேள்விக்கும் நேரான விடை தரமாட்டார். அவரைக்காய் எவ்வளவு போடட்டும் என்று கடைக்காரர் கேட்டால்கூட, "நீங்களே பாத்துப் போடுங்க" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்று திரும்பும்போது, அவர் வந்த பேருந்து வழியில் பழுதாகி நின்றது. மாற்றுப் பேருந்து வந்து இடையிலுள்ள ஊர் ஒன்றில் இறக்கிவிடுவதற்குள் இருட்டிவிட்டது; திண்டிவனத்துக்குக் கடைசிப் பேருந்தும் போய்விட்டிருந்தது. இரவு முழுவதும் அந்தப் பேருந்து நிலையத்தில் பட்டினி. காலையில் அங்கேயே மயங்கி விழுந்தார். அதன்பின் வெளியூரில் இரவு தங்கும் பயணம் எதற்கும் அவர் இசைந்ததில்லை. ஓய்வு பெற்றதைக் கொண்டாட, செஞ்சிக் கோட்டை, பொன்னூர் மலை, புதுச்சேரிக் கடற்கரை, திருநறுங்கொண்டை என மூன்று நாள் சுற்றுலா போகலாம் என்று மகள் ஸ்ரீநிதி சென்னையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, அம்மையாரின் அச்சமெல்லாம் ஒன்றுதான்: பொழுது சாய்வதற்குள் உண்ண இடம் கிடைக்குமா?

"கார் எடுத்தா நம்ம இஷ்டத்துக்கு நிறுத்தலாம்மா. பஸ்காரன் உனக்காக நிப்பானா?" என்றாள் மகள்.

"நம்மளே ஓட்டிக்கினு போறதுன்னா பேஜாரு. கீறல் உழுந்தா யாரு பதில் சொல்றது? பஸ்ஸுன்னா ஏறினோமா, எறங்கினோமான்னு இருக்கும்" என்றார் ரிஷபநாதன்.

"நீங்க பஸ்லயே போங்க நாய்னா. நாங்க கார்ல பின்னாடியே வர்றோம்" என்று தந்தையை மடக்கினாள் மகள்.

"பாத்தியா மதி, உம் பொண்ணு என்னைக் கழட்டி உடப் பாக்கறா!"

"நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று அம்மையார் அடுப்படிக்குப் போய்விட்டார்.

முடிவில் மகள் வென்றாள். விழுப்புரத்தில் நாமே ஓட்டிச் செல்லும் கார்களை வாடகைக்கு விடும் ஒருவரிடம் மருமகன் சுதீஷ் சிறிய கார் ஒன்றைப் பதிவு செய்தார். குளிர்சாதனம் உண்டா, காப்பீடு உண்டா, மாற்றுச் சக்கரம் உண்டா என்றெல்லாம் கேட்டறிந்தார். முந்தின நாள் எடுத்திருந்தவர் அந்தக் காரைத் திருப்பித் தராததால், உரிமையாளர் அதே வாடகைக்குப் பெரிய கார் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சுதீஷ் மகிழ்ச்சியோடு அதை ஓட்டி வந்து கதவைத் திறந்தார்.

இருக்கைகள் பழுப்பு நிறத்தில் பளபளத்தன. அம்மையார் குனிந்து முகர்ந்தார்.

"தம்பி, இது தோலுங்களா?"

சுதீஷின் முகம் வாடிற்று. தோல் செருப்பும் தோல் பையும் வீட்டுக்குள் நுழையாத குடும்பம் அது. எல்லாவற்றையும் விசாரித்தவர்கள் இருக்கையை மட்டும் கேட்கவில்லை. வேறு எந்த வீட்டாருக்கும் அது பிழையாகவே தோன்றியிராது.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் இருக்குது" என்றார் ரிஷபநாதன், குரலில் மகிழ்ச்சியை மறைக்க முயன்று தோற்றவராக.

முந்தின நாளே சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்ரீநிதி கண் கலங்குவதைக் கண்ட அம்மையார் உள்ளே சென்று ஜமுக்காளத்தை எடுத்துவந்து இருக்கையின்மேல் விரித்தார். "உக்காந்துக்கினு வர்றேன். சாப்பாடு மட்டும் இதுல முடியாது. எங்கனா எறங்கித்தான் சாப்பிடணும். அத மட்டும் பாத்துக்குங்க."

திரும்பி வந்தபின் அவர்கள் சொன்னபடி, இரண்டு நாள்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. மாலை வெயில் மஞ்சளாகத் தொடங்கியதும் சுதீஷ் எங்கேனும் மரத்தடியில் காரை நிறுத்துவார். அம்மையார் துண்டை விரித்து அமர்ந்து, எடுத்துவந்த உணவை உண்பார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருநறுங்கொண்டையிலிருந்து விழுப்புரம் வழியாகத் திரும்பினார்கள். பொழுதிருக்கவே வீடு சேர்ந்துவிடலாம் என்று, வழியில் எங்கும் நிறுத்தவில்லை. விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் கூட்டத்தை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடிக்கு முன்பே நெரிசல் தொடங்கிவிட்டது. முன்னும் பின்னும் லாரிகள், இடப்புறமும் லாரிகள். கார் நகரவில்லை. சூரியன் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

அம்மையாரின் மடியில் இட்லி டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் கார்லயே சாப்பிடும்மா. மறுபடியும் மயக்கம் போட்டு உழுந்தா?" என்று மகள் கெஞ்சினாள்.

"பஸ்ஸா இருந்தா ரெக்சின் சீட்டு. இந்நேரம் சாப்பிட்டு ஏப்பமே உட்டிருப்பா" என்றார் ரிஷபநாதன்.

"நாய்னா, சும்மா இருங்க!"

அப்போது கதவு திறக்கும் ஒலி கேட்டது. டப்பாவையும் வடிகட்டிய நீர் நிறைந்த செம்பையும் எடுத்துக்கொண்டு அம்மையார் இறங்கிவிட்டார். நின்றிருந்த லாரிகளுக்கிடையே நுழைந்து சாலையோரத்தை அடைந்தார். ஒரு லாரி ஓட்டுநர் தலையை நீட்டி, "இன்னாம்மா, எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். ஜெகதீசன் என்னும் பெயர் அவருடைய முகப்புக் கண்ணாடியில் பெரிதாக எழுதப்பட்டிருந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டாகணுங்க."

"பொறுமையா சாப்டுங்க. டோல்கேட்டு எங்கயும் ஓடிடாது!"

நெல்வயலின் ஓரத்தில், செருப்பைக் கழற்றி வைத்து, துண்டை விரித்து, சூரியனைப் பார்த்தபடி அம்மையார் அமர்ந்தார். முதல் இட்லியை முடிப்பதற்குள் வண்டிகள் நகரத் தொடங்கின. ஜெகதீசனின் லாரி உறுமிற்று. பின்னாலிருந்தவர்கள் ஒலிப்பானை அழுத்தினார்கள். அம்மையாரைவிட்டுக் கார் நகர்ந்தது.

"மதி! மதி!" என்று ரிஷபநாதன் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். பேருந்தின் நினைவு அவருக்கு அப்போது வரவில்லை.

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார், எழவில்லை. கார் எங்கே போய்விடும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். சுதீஷ் விளக்கைச் சிமிட்டி, இடப்பக்கம் வழி கேட்டுக் கேட்டு, சற்றுத் தொலைவில் சாலையோரமாகக் காரை நிறுத்தினார். ரிஷபநாதன் இறங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது, அம்மையார் கடைசி வாய் நீரைப் பருகிச் செம்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வயலுக்கு அப்பால் சூரியனின் சிவந்த விளிம்பு இன்னும் மிச்சமிருந்தது. ரிஷபநாதன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பஸ்ஸா இருந்தா உன்ன உட்டுட்டுப் போயே போயிருப்பான்" என்று அவரே சொன்னார். அம்மையார் துண்டை உதறி மடித்தார். இருவரும் காரை நோக்கி மெல்ல நடந்தார்கள். ஸ்ரீநிதி எதிரே ஓடிவந்து தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சு."

காரின் அருகே வந்ததும் ரிஷபநாதன் நின்றார். வழக்கமான விடையை எதிர்பார்த்தேதான் கேட்டாராம்: "இன்னா மதி, அடுத்த தடவ பஸ்ஸா, காரா?"

"கார்தாங்க. சீட்டு மட்டும் துணியில இருக்கணும்."