நாற்பத்து மூன்று சமோசாக்கள்

புதுக் காலண்டரைப் பிரிக்கும்போது வரும் அந்த மை வாசம் எனக்கு ஆகாது. சிவகாசியில் பிறந்துவிட்டு இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஊரே அந்த வாசத்தில்தான் சோறு தின்கிறது. யாராவது கேட்டால் தலைவலி என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சின்ன வயதில் செய்த ஒரு திருட்டுத்தனம் அந்த வாசத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த என் சித்தி, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகி, பெற்றவள் இல்லாததால் அக்கா வீடே தாய்வீடென்று பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். வெடிமருந்துத் தூசி ஆகாதென்று கம்பெனி வேனில் ஏறுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவளிடம், பிள்ளைக்கு ஒரு கம்பளிப் போர்வை பின்னலாம் என்று யோசனை சொன்னது நானும் எதிர்வீட்டு மாரியும்தான். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் நாங்கள் இருவரும் அப்போதுதான் "ஆணிச்சட்டம்" பழகியிருந்தோம்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு மரவளையம், அதன் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன ஆணிகள். நூலை ஆணிகளில் இரண்டு சுற்றுச் சுற்றி, கீழ்ச்சுற்றைக் கொக்கியால் தூக்கி மேல்சுற்றைத் தாண்டி உள்பக்கம் விட்டால் ஒரு வரிசை முடியும். அப்படியே போகப் போக வளையத்தின் அடியிலிருந்து பின்னல் ஓர் உறையாக இறங்கும். அதை அளவாக எடுத்து, இலவம்பஞ்சை அடைத்து வாயைத் தைக்க வேண்டும். முக்கோணமாக வந்தால் அதற்குப் பெயர் "சமோசா", சதுரமாக வந்தால் "பர்பி". எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்தால் போர்வை.

ஆனால் பிறக்காத பிள்ளைக்கு எதையும் முழுசாகச் செய்து வைக்கக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. "துண்டு துண்டாவே போட்டு வைங்க. நல்லபடியாப் பெறக்கட்டும், பொறவு கோத்துக்கிடலாம்" என்றாள். அதனால் பின்னியதையெல்லாம் ஒரே டின்னில் போட்டுவிட்டு, அவரவர் கணக்கைச் சுவரில் கரிக்கோடாக இழுத்துக்கொண்டோம். சித்தி சும்மா இருக்காமல், "எவ நெறையப் பின்னுறாளோ அவதான் பிள்ளையத் தொட்டில்ல போடணும்" என்று சொல்லி வைத்தாள்.

மாரிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. தெருவில் எந்தக் கைப்பிள்ளையைக் கண்டாலும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பெற்றவள் வந்து கேட்கும்வரை தர மாட்டாள். அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டியிருந்தது. எனக்கோ மாரியை ஜெயிக்க வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

பின்னுவதில் அவள் கைக்கு என் கை சளைத்ததில்லை, பஞ்சில்தான் மாட்டிக்கொண்டேன். கொட்டை பொறுக்க வேண்டும், மூக்கில் ஏறும், தும்மித் தும்மியே பாதிப் பொழுது போய்விடும். மாரியின் அப்பாவுக்கு வேஸ்ட் பேப்பர் வியாபாரம். காலண்டர் ஓரம் வெட்டும்போது விழுகிற "கட்டிங்" அவர்கள் முற்றத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒருநாள் பாவாடையில் இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து, மேலாகக் கொஞ்சம் பஞ்சு சுற்றி அடைத்துப் பார்த்தேன். பட்டாசுக் குழாய் அடைக்கிற ஊர்க்காரிக்கு இறுக்கி அடைக்கச் சொல்லியா தர வேண்டும்? கிண்ணென்று நின்றது. அதற்கப்புறம் தினமும் அதுதான். ஒரு தடவை என் சடையில் ஒட்டியிருந்த நீலக் காகிதத் துணுக்கை மாரி எடுத்துப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், பிறகு ஊதிவிட்டாள்.

பிள்ளை பிறந்தபோது சுவரில் எனக்கு நாற்பத்து மூன்று கோடு, அவளுக்கு முப்பத்தாறு. அம்மா ஒரு வாரத்தில் போர்வையைக் கோத்தாள். தொட்டில் போடுவதற்கு முதல்நாள், பச்சைப் பிள்ளை மேல் படப்போகிற துணி என்று, நானும் மாரியும் பக்கத்தில் நிற்க, வெந்நீரில் முக்கி அலசினாள்.

வாளித் தண்ணீர் சிவப்பும் நீலமுமாக ஓடியது. சமோசாக்கள் ஊறிக் கூழாகித் தொங்கின. அம்மா ஒன்றைப் பிய்த்தாள். உள்ளேயிருந்து பாதி ஏழாம் தேதி வந்தது.

"ஏட்டி, யாரு பாத்த வேல இது?"

மாரி என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எங்க வீட்டுப் பேப்பர்தான் அத்தை" என்றாள் மாரி.

"பச்சப்பிள்ளைக்குப் போத்துறதுல போயி குப்பைய அடைச்சு வச்சிருக்கியே, ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு? வீட்டுக்குப் போ" என்று அம்மா மாரியை ஏசினாள்.

ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு முதல் துணியே இப்படியா என்று சித்தி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். மாரி செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். மறுநாள் பிள்ளையைத் தொட்டிலில் போட என் கையில் கொடுத்து, எல்லோரும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். மாரி அவள் வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். தாலாட்டு ஆரம்பித்ததும் உள்ளே போய்விட்டாள். பள்ளி திறந்தபோது வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள், அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை.

அந்தப் பையனுக்குத்தான் வருகிற தையில் கல்யாணம். போன வாரம் பத்திரிகை வைக்க ஊருக்குப் போயிருந்தேன். பேப்பர் மூட்டைகள் கிடந்த மாரி வீட்டு முற்றத்தில் இப்போது செல்போன் கடை. விசாரித்துக்கொண்டு, மாரி டைரி பைண்டிங் பார்க்கும் கம்பெனி வாசலில் போய் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் கையில் பசையோடு வெளியே வந்தாள். தாம்பூலத் தட்டை நீட்டியபடியே, "அந்தப் பேப்பர நான்தான் அடைச்சேன், மாரி" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்?"

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையைப் பிரித்து மாப்பிள்ளை பெயரை வாசித்தாள். பிறகு தலை நிமிராமலே, "அன்னைக்குத் தொட்டில்ல போடும்போது பிள்ள அழுதானா?" என்று கேட்டாள்.

"அழுதான். நான் பயந்துபோயி சித்திகிட்டயே குடுத்துட்டேன். தொட்டில்ல போட்டது சித்திதான்."

மாரி பத்திரிகையை மடித்தாள். "எங்கிட்டக் குடுத்திருந்தா அழுதிருக்க மாட்டான்" என்றாள்.