இரண்டு கையும் கம்பியில்

1974 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். பொடித் தூறல், மேற்குக் காற்று. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம்: நான், என் மனைவி, எதிர் வீட்டுக்காரர். எனக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ், அவருக்குக் கோர்ட், அவளுக்குச் சிவன் கோயில். பாதி வழியில் ஓர் இழுவைக் கப்பல் குறுக்கே போயிற்று. அதன் அலை எங்கள் படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. என் மனைவி சாயப் போனாள். சாயப் போனவள் பிடித்தது எதிர் வீட்டுக்காரரின் முழங்கையை.

அவரைவிட நான் அவளுக்கு ஒன்றரை அடி பக்கத்தில் நின்றேன். ஆனால் என் இரண்டு கையும் தலைக்கு மேலே கம்பியில் இருந்தன. அவரோ எதையும் பிடிக்காமல், கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஏழு விநாடி பிடித்திருந்தாள். எண்ணினேன்.

சாயங்காலம் காபி ஆறும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் அவரைப் பிடிச்சே?"

"உங்களை எங்கே பிடிக்கறது? நீங்களே தொங்கிண்டிருந்தேள். கம்பி எட்டியிருந்தா அதையே பிடிச்சிருப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தோசை இறங்கவில்லை. இன்னொரு அலை வரும்போது அவள் கை என் கையைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

அவர் என்னைவிட நாலு மாதம் மூத்தவர். உயரமும் இரண்டு அங்குலம் குறைவு. ஆகவே சூட்சுமம் செருப்பில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கினேன், பதினொன்றரை ரூபாய். முதல் நாளே படகுப் பலகையில் வழுக்கியது. மறுநாள் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன்.

"எப்படி ஓய் பிடிக்காம நிக்கறேள்?"

"எப்படீன்னா? கால் மேலேதான். நீர் வேற எது மேலே நிக்கறீர்?"

சொல்லித் தர மனசில்லாத மனுஷன் என்று மூன்று மாதம் அவர்மேல் கறுவிக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்கே தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. கஷ்டப்பட்டுக் கற்காத ஒன்றை அவர் எப்படிச் சொல்லுவார்? அது புரிந்ததும் பொறாமை இரண்டு பங்காயிற்று.

பாலத்தடி மலையாளி முடிதிருத்துபவர்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்தார். அவர் என் தலையை இடது பக்கம் சாய்ப்பார்; அது திரும்ப வந்து நேரே நிற்கும்.

"தலை இங்கே தரணும் சாரே. ஞான் வீட்டுக்குக் கொண்டுபோவில்லா."

"தந்துட்டேனே!"

"எவிடே? ஞான் தள்ளுன்னு, சார் திருப்பித் தள்ளுன்னு."

நான் தள்ளுவது எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து, என் தோள் காதை நோக்கி எத்தனை முறை ஏறுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டேன். நாற்பத்து மூன்று. கோடு போடும்போதும் ஏறியிருந்தது. பேனாவை நசுக்கிப் பிடிக்கிறேன். சவரம் செய்யும்போது பல்லைக் கடிக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாற்காலியைத் தூக்கிப் பிடித்திருப்பவன்போல இருக்கிறேன். இறக்கு என்று தோளுக்குச் சொன்னால் அது விறைத்துக்கொண்டு இறங்கியது. அதுவும் இறுக்கம்தான். ஏற்றாதே என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் சில சமயம் தானாக இறங்கியது. மாதம் ஒன்று என்றிருந்த முடிவெட்டலை இரண்டாக்கினேன். தலையைக் கொடுத்துப் பழக வேறு இடம் இல்லை. அப்படிக் கூடுதலாகப் பதினாலு தடவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையும் இல்லாமல் எர்ணாகுளம் போய், இறங்காமல் திரும்பினேன். அறுபத்தோரு ஞாயிறு. முதலில் சுண்டுவிரலைக் கம்பியிலிருந்து எடுத்தேன். மோதிரவிரலுக்கு வருவதற்கு ஒரு மாதம். பத்து விரலும் வெளியே வந்த அன்று முழங்கால் பூட்டிக்கொண்டது. அதனால் வார நாட்களில் எதிர் வீட்டுக்காரருக்குப் பின்னால் நின்று அவர் முழங்காலைக் கவனித்தேன். வேட்டிக்குள் அது நேராக நிற்பதே இல்லை. படகு ஏறினால் மடங்கியது, இறங்கினால் நீண்டது.

"என்ன ஓய், தினம் எம் முட்டியையே பாத்துண்டு வரீர்? ஜோசியமா?"

படகே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிடிக்காமல் நிற்கப் பழகியதும், ஒரு திங்கட்கிழமை மனைவிக்குக் காட்டத் துணிந்தேன். அவளுக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது.

"எழுந்து நில்லு."

"எதுக்கு? நன்னாத்தானே உக்காந்திருக்கேன்."

"நில்லேன், சொல்றேன்."

நின்றாள். படகு ஆடியதும் நானே முழங்கையை நீட்டினேன். தொட்டாள், உடனே கையை எடுத்தாள். "இரும்பு மாதிரின்னா இருக்கு! ஜுரமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் பிடிக்க வேண்டும் என்று நினைத்த நிமிஷமே கை இறுகிப் போயிருந்தது. எதிர் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நல்ல மனிதராக வேறு பக்கம் திரும்பினார். அந்த நல்லதனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு நான் அவளிடம் எதையும் காட்டவில்லை. 1976இல், மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, ஜெட்டியில் சீட்டுக் கொடுத்தவர் மீதிச் சில்லறையில் ஐந்து பைசா குறைத்துவிட்டார் என்று தோன்றியது. படகில் நின்று உள்ளங்கையில் சில்லறையை எண்ணினேன். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன். எண்ணி முடித்தபோது இடது கையில் ஏதோ கனம். மனைவியின் கை. அலை எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. எத்தனை நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்பதும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணத் தவறியது அது ஒன்றுதான். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி எதிர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் யாருடைய பத்திரிகையிலோ மூழ்கியிருந்தார். இருமினேன். நிமிரவில்லை. கரை வந்து, அவள் கையை எடுத்துக்கொண்டு இறங்கும்வரை அவர் நிமிரவே இல்லை.

அவர் பார்க்காத அந்தப் பிடிக்கு, செருப்பு, படகுச் சீட்டு, முடிவெட்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஐம்பத்து மூன்று ரூபாய் நாற்பது பைசா.