ருசி பார்க்காத சுண்டல்

மாமியின் கொலு என்றதும் எனக்குப் பொம்மைகள் நினைவுக்கு வருவதில்லை. இலைத் தொன்னை நிறைய ஜவ்வரிசிதான். டில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எங்கள் மேல் வீட்டில் இருந்தவர் மாமி. நவராத்திரியில் வீடு வீடாகச் சுண்டல் வாங்கித் திரிந்த எங்களுக்கு அவர் வீட்டுக் கொண்டைக்கடலைதான் உசத்தி. என் தங்கைக்கு மட்டும் அது ஆகாது.

ஆகாது என்றால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதல்ல. புரதத்தில் உள்ள ஓர் அமினோ அமிலத்தை உடைக்கும் சக்தி அவள் உடம்புக்குப் பிறவியிலேயே இல்லை. அது ரத்தத்தில் சேர்ந்தால் மூளையைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பால், தயிர், பருப்பு எதுவும் கிடையாது, சோறுகூட அளந்துதான். நாற்றமடிக்கும் ஒரு மருந்து மாவைக் கரைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். ஆனால் கொழுகொழுவென்று இருந்த குழந்தையைப் பார்த்து இதை யார் நம்புவார்கள்? அம்மா பத்தியம் என்று படுத்துகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாமியும்தான்.

தங்கைக்கு ஐந்து வயதிருக்கும். ஒரு கை சுண்டல் குழந்தையை என்ன செய்துவிடும் என்று மாமி பாசத்தோடு அவள் கையில் கொடுத்துவிட்டார். அம்மா பாய்ந்து தட்டிவிட்டதில் கடலை தரையெல்லாம் சிதறியது. தங்கை அலற, அம்மாவும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் விளக்கினாள். இனி இவளைக் கொலுவுக்கே அழைத்து வரப்போவதில்லை என்றாள். மாமி குனிந்து கடலையைப் பொறுக்கினார்.

மறுநாள் மாமியே கீழே வந்தார். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி நவராத்திரி விரதத்துக்குச் சமைக்கும் ஜவ்வரிசிக் கிச்சடியை நிலக்கடலை போடாமல் செய்தால் குழந்தைக்கு ஆகுமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனார். அன்று மாலை அவர் வீட்டில் சுண்டலே இல்லை. வந்த எல்லோருக்கும் ஜவ்வரிசி. கொலுவுக்குப் போய் இதுவா என்று ஒரு பெண்மணி முகம் சுளித்தார்.

"அச்சா, பிடிக்கலேன்னா வச்சுடுங்கோ. என் கொலுவுல ஒரு குழந்தை மட்டும் வெறுங்கையோட நிக்கப்படாது" என்றார் மாமி.

அதில் உப்பு ஒரு கல் தூக்கல். நைவேத்தியத்தை ருசி பார்த்துச் சமைக்கக் கூடாது என்பதில் மாமி பிடிவாதக்காரர். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அங்கே ஜவ்வரிசிதான். சுண்டல் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் தங்கை தொன்னையை வழித்துத் தின்ற அழகை இன்றும் மறக்க முடியவில்லை.

மாமி இப்போது இல்லை. அவருடைய பொம்மைகள் தங்கையிடம் வந்துவிட்டன. டில்லியிலேயே வேலை பார்க்கும் அவள், இந்த வருஷம் தன் வீட்டில் முதல் கொலு வைத்தாள். இன்றும் அதே பத்தியம், அதே மாவு. அடுப்பில் இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் ஜவ்வரிசி, மற்றதில் கொண்டைக்கடலை. வாயில் வைத்தே அறியாத பண்டத்தை ஊருக்கெல்லாம் சமைக்கிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. உப்பு பார்த்துச் சொல்லட்டுமா என்றேன். பாத்திரத்தை மூடிவிட்டாள்.

"நைவேத்தியத்த முன்னாடியே யாரும் ருசி பாக்கப்படாதுண்ணா. இந்த ஒண்ணுலதான் நானும் எல்லாரும் ஒண்ணு."

பூஜை முடிந்து இரண்டு தொன்னைகளையும் என்னிடம் நீட்டினாள். சுண்டலில் உப்பு சரியாக இருந்தது. ஜவ்வரிசியில்தான் ஒரு கல் தூக்கல்.