கொச்சிக் கிடங்கில் ஆர்டன் தேயிலை

நெல்லியாளத்துக்குப் பக்கத்தில் ஹெர்பர்ட் என்பவர் நடத்திய தேயிலை ஃபாக்டரியில் பழனியாண்டி லாரி ஓட்டினார். சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்தை ஏற்றி வருவார்; அது தூளானதும் குன்னூர் ஏலக் கிடங்கில் இறக்கிவிட்டு வருவார். அதற்கு அப்பால் அந்தத் தூள் எங்கே போகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிந்தது. ஏலத்துக்குப் போன மூட்டைகளைக் கேட்க ஆளில்லை. சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு இஞ்சி போட்டார்கள். ஒரு நாள் ஹெர்பர்ட்டும் ஃபாக்டரியை மூடினார்.

"ரஷ்யாக்காரன் வாங்கறத நிறுத்திப்போட்டானுங்க. நாம என்ன பண்ண முடியும் சொல்லுங்க?" என்றார் அவர்.

பழனியாண்டிக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. கண்ணால் காணாத நாட்டில் யாரோ வேண்டாம் என்றால் நெல்லியாளத்தில் பாய்லர் அணைந்துவிடுமா?

கூடலூரில் ஒரு லாரி முதலாளி வேலை கொடுத்தார். முதல் லோடே கொச்சித் துறைமுகத்துக்கு. நாடுகாணி மலைப்பாதை இறங்கி நிலம்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்தவர், கப்பலைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கி அப்படியே நின்றுவிட்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு அளவு இரும்புப் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக மலைபோல் ஏறியிருந்தன. கிரேன் ஒவ்வொன்றையும் கொழுந்துக் கூடையைத் தூக்குவதுபோல் தூக்கியது.

கிடங்குக்குள் அதைவிடப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. விஜயன் என்ற மலையாளி கிளார்க் அவரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். ஒரு பக்கம் கென்யாத் தேயிலை, ஒரு பக்கம் வியட்நாம். நடுவில் அடுக்கியிருந்த காகித மூட்டைகளில் 'ஆர்டன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அந்த எழுத்துகள் பழனியாண்டிக்குத் தெரியும். சின்ன வயதில் தினமும் பார்த்த தோட்டத்துப் பெயர்ப்பலகை அது.

"இது எங்கேருந்துங்க வருது?"

"சிலோன் சாயா. ரெண்டு கவர்மெண்டும் கரார் போட்டாச்சு, இப்போ வரி குறைவு."

பழனியாண்டி மூட்டைமேல் கையை வைத்தார். பத்து வயதுவரை அந்தத் தோட்டத்து லயத்தில்தான் இருந்தார். சிலோன் தோட்டத் தொழிலாளர்களில் யார் அங்கே இருப்பது, யார் இந்தப் பக்கம் திரும்புவது என்று இரண்டு அரசாங்கங்கள் அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டதால்தான் அவர் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி வந்தது. இன்னோர் ஒப்பந்தம் இப்போது அதே தோட்டத்துத் தேயிலையையும் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறது.

"எந்தா, தல சுத்துதா?" என்றார் விஜயன்.

"நான் பொறந்த தோட்டம் சார் இது."

விஜயன் சாம்பிள் டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

சேரம்பாடியில் கொழுந்து பறிக்கும் அவர் மனைவி சின்னம்மை, அவர் வீடு திரும்பிய மாலை அதைக் கொதிக்கவைத்தாள். அவளும் ஆர்டனில் பிறந்தவள்தான். அவளுடைய அக்கா குடும்பத்துக்கு சிலோன் குடியுரிமை கிடைத்ததால் அவர்கள் அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டு தங்கிவிட்டார்கள். ஒரு மிடறு குடித்தாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"கையால கிள்ளுனதுங்க இது. நாமதான் இப்பக் கத்தரி போட்டு வெட்டுறோம்." இன்னொரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப எங்கக்காதான் நமக்குப் போட்டியா?" என்று கேட்டாள்.

வானொலியில் உலகப் போட்டி என்று சொல்லும்போதெல்லாம் பழனியாண்டி கோட்டு போட்ட ஆட்களை நினைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் கூடை சுமந்து நிற்பது சின்னம்மையின் அக்காவாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து ஹெர்பர்ட் ஃபாக்டரியை மறுபடி திறந்தார்; பழனியாண்டியும் பழைய லாரிக்கே திரும்பினார். முற்றிய இலையை வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். விவசாயிகள் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேறு ஃபாக்டரிக்குப் போனார்கள். மீதிப் பேரிடம் பழனியாண்டி ஊர் ஊராக நின்று கொச்சியில் பார்த்ததைச் சொன்னார்; நாலு நாட்டுத் தேயிலையோடு போட்டி போட இளங்கொழுந்தால்தான் முடியும் என்றார். நம்பாமல் சிரித்தவர்களும் உண்டு. ஆனாலும் நல்ல கொழுந்து வரத் தொடங்கியது. ஃபாக்டரி ஒரு ஷிப்டாவது ஓடியது.

ஃபாக்டரியின் மழைக்காலத் தூளில் ஒரு லாட்டை எகிப்துக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று ஏலத்தில் எடுத்தது. சேதியைக் கேட்டதும், கொழுந்து கொண்டுவந்திருந்த ராமாத்தாள் தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள்:

"ஏனுங்க, அந்த ஊருத் தண்ணிக்கு நம்ம டீ நல்லா சாயம் எறங்குமுங்களா?"

பழனியாண்டியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.