முல்லையாற்றில் ஒரு தகரப்பெட்டி

உத்தமபாளையத்தைத் தாண்டி, முல்லையாற்றின் நடுவே எங்கள் மாட்டுவண்டி நிற்கிறது. இறங்கும்போது முழங்கால் அளவே இருந்த தண்ணீர், மலையில் பெய்த மழையால் சக்கரத்தின் அச்சுக்கு மேலே ஏறிவிட்டது. என் மடியில் ஒரு தகரப்பெட்டி. மறைந்த நாவலாசிரியர் ஒருவரின் கையெழுத்துப் பிரதிகள் அதில் இருக்கின்றன. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயரால் தனி அறை அமைக்கிறோம். வேறு நகல் கிடையாது என்று சொல்லி, அவர் மனைவி இன்று காலை அழுதுகொண்டேதான் கொடுத்தார்.

இடது மாடு கால் தவறிச் சரிகிறது.

"பெட்டியத் தள்ளிவிடுங்கய்யா! மாடு போச்சுன்னா எம்பொழப்பே போச்சு!" என்று வண்டிக்கார ராவுத்தர் கத்துகிறார்.

எனக்கு நீச்சல் தெரியாது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறேன். தண்ணீர் மார்பைத் தொடுகிறது. காலடியில் மணல் நழுவுகிறது. பாரம் குறைந்த வண்டி என்னை முந்திக் கரையேறிவிடுகிறது. ராவுத்தர் திரும்ப ஓடிவந்து என் தோளைப் பற்றி இழுக்கிறார்.

கரையில் மூடியைத் திறக்கிறேன். தாள்கள் நனையவில்லை.

"அப்படி என்னய்யா எழுதியிருக்காக? கொஞ்சம் வாசிங்க, கேப்போம்."

தாளை எடுக்கிறேன். ஆற்றுக்காற்றில் அது படபடக்கிறது. ராவுத்தர் தலைத்துண்டில் விரல்களைத் துடைத்துவிட்டு, தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறார். முதல் வரியை வாசிக்கத் தொடங்குகிறேன்.