அசையாத கட்டைவிரல்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவருடையது. ஒட்ட வெட்டிய மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. இங்கிலீஷ் பேசும்போது கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொடுவார். நேற்றா, இன்றா, நாளையா என்று பார்த்த பிறகுதான் வினைச்சொல் வாயில் வரும்.

"எனக்கும் மனசுக்குள்ள தமிழ்ல ஓடித்தாங்க இங்கிலீஷ் வருது," என்று அவரிடம் மட்டும் சொன்னேன்.

"வெளிய தெரியவா போவுது, உடுங்க," என்றார்.

சூப்பர்வைசர் வேலைக்கு இருவருமே மனுப் போட்டோம். இன்டர்வியூ அன்று என் முறைக்காக மேனேஜர் அறை வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. நான் இங்கிலீஷில் திணறுவதை உள்ளே அவர் மேனேஜரிடம் இங்கிலீஷிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அசையவில்லை. ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

அதை எத்தனை நாள் மனப்பாடம் செய்திருப்பார்? பஸ்ஸில், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேவா?